காத்திருப்போர் பட்டியலின் முதலாவது பெயர்

பல்கலைக்கழகம் கிடைத்த பிள்ளைகள் சிலர் என்னிடம் வந்து, விடுதிக்கு என்னென்ன கொண்டுபோக வேண்டும் என்று கேட்பதுண்டு. மூடியுள்ள வாளி, இரண்டு பூட்டு, உடுப்புக் காயப்போடக் கயிறு, டோர்ச், எறும்பு மருந்து என்று சொல்லிக்கொண்டு போவேன். முதல் கிழமை அழுகை வரும், இரண்டு மாதம் போனால் வீட்டுக்குப் போகவே மனம் வராது என்றும் சொல்வேன். சிரித்துக்கொண்டு போவார்கள். நான் விடுதிக்குப் போன விதத்தை மட்டும் இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

எங்கள் வீடு மட்டக்களப்பு நகரத்துக்குப் பக்கத்தில், அமிர்தகழியில். கோயில் மணி வீட்டுக்குள் கேட்கும். அங்கிருந்து நகரத்துக்கு வந்து, வடக்கே போகும் பஸ்ஸில் ஏறினால் ஒரு மணித்தியாலத்துக்குள் பல்கலைக்கழக வாசலில் இறங்கிவிடலாம். ஓட்டமாவடியிலிருந்து வந்து படித்த பிள்ளைகள் நான்கு வருடமும் அப்படித்தான் வந்து போனார்கள்.

விடுதி விண்ணப்பத்தில் விதி தெளிவாக எழுதப்பட்டிருந்தது. தினமும் வந்துபோகக்கூடிய தூரத்தில் இருப்பவர்களுக்கு இடமில்லை. கட்டில்கள் குறைவு. தூரத்துப் பிள்ளைகளுக்குத்தான் அவை.

அதை வாசித்துவிட்டு அப்பா, "பிறகென்ன, வீட்டில இருந்தே போய் வரலாம்தானே" என்றார். அவர் நகரத்தில் ஓர் இரும்புச் சாமான் கடையில் வேலை செய்தார். மகளும் தன்னோடு காலையில் புறப்படுவாள் என்பதில் அவருக்கு ஒரு சந்தோசம். எனக்கு அது பிடிக்கவில்லை. "ஹொஸ்டல்ல இருக்காட்டி கம்பஸ் போனதில அர்த்தமே இல்லகா" என்று என் பள்ளித்தோழி ஒருத்தி சொல்லியிருந்தாள். அதைத் தவிர வேறு காரணம் எதுவும் என்னிடம் இருக்கவில்லை. வீட்டில் படிக்க மேசை இருந்தது. சத்தம் போட யாருமில்லை. அம்மா விடிய எழும்பிச் சோறு கட்டித் தருவார். எனக்கு ஒரு நியாயமும் இருக்கவில்லை என்பது விளங்கவேண்டும் என்றுதான் இதையெல்லாம் எழுதுகிறேன்.

வெல்லாவெளியில் எங்கள் பெரியம்மா இருந்தார். பள்ளி விடுமுறை விட்டால் நான் அங்கேதான் நிற்பேன். அந்த ஊரைக் காட்டினால் தூரம் போதும். பெரியம்மாவிடம் கேட்டேன். "அதுக்கென்ன மனே, நீயும் என்ட புள்ளதானே" என்றார். கிராம சேவகரிடம் என்னைக் கூட்டிக்கொண்டு போய், பிள்ளை தன்னோடுதான் இருந்து படிக்கிறாள் என்று சொன்னார். அந்த மனிதருக்கு என்னைத் தெரியும். ஒவ்வொரு விடுமுறையிலும் கண்டிருக்கிறார். நம்பி வதிவிடக் கடிதத்தில் கையெழுத்து வைத்தார்.

"இது சரியில்ல மகள்" என்று அப்பா ஒருமுறை சொன்னார். நான் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தேன். அதற்குப் பிறகு அவர் அதைப்பற்றிப் பேசவில்லை.

அறிவித்தல் பலகையில் ஒட்டியிருந்த பெயர்ப் பட்டியலில் என் பெயர் கடைசியாக இருந்தது. அதற்குக் கீழே ஒரு கோடு கீறி, காத்திருப்போர் என்று தலைப்பிட்டு இன்னும் சில பெயர்கள். என் பெயரைக் கண்ட சந்தோசத்தில் கோட்டுக்குக் கீழே நான் பார்க்கவேயில்லை.

அறையில் நான்கு கட்டில். என்னுடையது கதவோரம். விடுதியில் முதலாம் வருடப் பிள்ளைகளை ஊர்ப் பெயரால்தான் கூப்பிடுவார்கள். மூத்த அக்காமார் தொடங்கிவைத்த பழக்கம் அது. என் பக்கத்துக் கட்டில்காரி முல்லைத்தீவு. நான் வெல்லாவெளி. முதல் நாள் ஓர் அக்கா "வெல்லாவெளி, இஞ்ச வா" என்று கூப்பிட்டபோது என்னைத்தான் என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டாவது தரம் கூப்பிட்டபோது ஓடிப்போனேன். விடுதியில் இருந்த காலம் முழுக்க அந்தப் பெயரோடு இருந்தேன்.

விடியப்புறம் ஒன்றரை மணித்தியாலம்தான் குழாயில் தண்ணீர். ஆள் நிற்கத் தேவையில்லை, வாளி வரிசையில் நின்றால் போதும். அடுத்தவளின் வாளியைத் தள்ளி வைத்தால் அன்றைக்கு முழுக்கச் சண்டை. மின்சாரக் கேத்தல் தடை. அது அலுமாரிக்குள் பழைய உடுப்புகளுக்கு அடியில் இருக்கும். இரண்டு அறையில் ஒரே நேரத்தில் தண்ணீர் கொதித்தால் மாடி முழுக்க லைற் போய்விடும். யாராவது குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறைக்குள் நின்று அழுதால் வெளியில் நிற்பவர்கள் கதவைத் தட்டாமல் பொறுத்திருப்பார்கள். எனக்கு அதெல்லாம் திருவிழா போல இருந்தது. நான் அழவில்லை. வீட்டிலிருந்து ஒரு மணித்தியாலத் தூரத்தில் இருப்பவளுக்கு எதற்கு அழுகை?

வெள்ளிக்கிழமைகளில் ஊருக்குப் போகும் பிள்ளைகளோடு நானும் பையோடு நிற்பேன். வெல்லாவெளிக்கு என்று சொல்லிவிட்டு, நகரத்தில் இறங்கி அமிர்தகழிக்குப் போவேன். திரும்பி வரும்போது நகரத்துக் கடையில் ஒரு சட்டி எருமைத் தயிர் வாங்கி, பெரியம்மா தந்துவிட்டது என்று அறையில் வைப்பேன். "உங்கட ஊர்த் தயிருக்கு நிகரில்ல" என்று முல்லைத்தீவு வழித்து வழித்துச் சாப்பிடுவாள். அதைப் பார்க்க எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. முதல் இரண்டு மாதமும் என் பொய் எனக்கு ஒரு விளையாட்டாகவே இருந்தது.

ஆங்கில வகுப்பில் எனக்குப் பக்கத்தில் இருந்தவள் பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. விடுதியில் இல்லாவிட்டாலும் அவளையும் ஊர்ப் பெயரால் பதுளை என்றே கூப்பிட்டோம். ஒல்லியான பிள்ளை. எதையும் இரண்டு தரம் கேட்டுத்தான் எழுதுவாள், ஆனால் எழுதினால் ஒரு பிழை இருக்காது. மட்டக்களப்பு வெயில் தெரியாமல் இரண்டு சுவெட்டர் கொண்டுவந்திருந்தாள். அதைச் சொல்லிச் சொல்லித் தன்னையே கேலி செய்வாள். ஊருக்குப் போய் வந்தால் அவர்கள் இருக்கும் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் நிற்கும் மரத்துப் பேரிக்காய் ஒரு பை கொண்டுவருவாள். வாவிப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையில் ஒரு வீட்டின் பின் அறையில் போர்டிங் எடுத்திருந்தாள். அங்கிருந்து பல்கலைக்கழகத்துக்கு நடை. ஆறு மணிக்குப் பிறகு அந்த ஒழுங்கையில் தனியாகப் போகப் பயம் என்று நூலகத்திலிருந்து நேரத்தோடு எழும்பிவிடுவாள்.

ஒருநாள் நான், "ஏன் கா நீ ஹொஸ்டலுக்குப் போடல்ல?" என்று கேட்டேன்.

"போட்டேனே. தோட்டத்துல கடிதம் எடுக்க லேட்டாப் போச்சு. ஒரு கிழமை பிந்திதான் போய்ச் சேர்ந்துச்சு. வெயிட்டிங் லிஸ்ட்ல மொதல் பேரு என்னுதுதான்" என்றாள் அவள். "ஒரே ஒரு ஆள் கொறஞ்சிருந்தா நான் உள்ள வந்திருப்பேன்."

அவள் கவலையாகச் சொல்லவில்லை. நூலிழையில் தவறியதைச் சொல்லும் சிரிப்புத்தான் அவள் முகத்தில் இருந்தது. அன்று பின்னேரம் அறிவித்தல் பலகைக்குப் போய்ப் பார்த்தேன். கடதாசி வெயிலில் மஞ்சளாகியிருந்தது. கோட்டுக்கு மேலே என் பெயர். கோட்டுக்குக் கீழே அவள் பெயர்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அவளுக்குச் சொல்லாமல், வோர்டனிடம் போய் எனக்கு இடம் வேண்டாம் என்று மட்டுமாவது சொல்லியிருக்கலாம். நான் செய்தது வேறு. அவளோடு முன்னையைவிட நெருக்கமானேன். அறைக்குக் கூட்டிவந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். என் குறிப்புகளைக் கொடுத்தேன். "வெல்லாவெளி மாதிரி ஒரு பிள்ளைய நான் பார்த்ததே இல்ல" என்று அவள் முல்லைத்தீவிடம் சொன்னாளாம்.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவள் நிர்வாகக் கட்டடத்துக்குப் போய், விடுதியில் யாராவது இடத்தை விட்டார்களா என்று கேட்பாள். தனியாகப் போகக் கூச்சம் என்று என்னைக் கூப்பிட்டாள். போனேன். ஒருமுறை அல்ல, எட்டு ஒன்பது முறையாவது போயிருப்பேன். கண்ணாடி போட்ட ஒரு லிகிதர். நல்ல மனிதர். எங்களைக் கண்டதும் தலையை ஆட்டுவார்.

"இந்தக் கிழமையும் ஒருத்தரும் விடல்ல மகள். விட்டா முதல் உங்களுக்குத்தான்."

"சரிங்க சேர். அடுத்த கிழமை வாறேன்."

ஒருநாள் அவர் என்னைப் பார்த்து, "நீங்களும் காத்திருக்கிற ஆளா?" என்று கேட்டார்.

"இல்ல சேர், நான் ஹொஸ்டல்தான். துணைக்கு வந்தன்."

"எந்த ஊர்?"

"வெல்லாவெளி."

"அது தூரம்தானே" என்றார். பிறகு பதுளையைப் பார்த்து, "நல்ல சிநேகிதி" என்றார். அவள் என் தோளில் கையைப் போட்டாள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு என் முகத்தில் எப்படி இருந்திருக்கும் என்று இப்போதும் சிலவேளை நினைப்பேன். உடனே வேறு எதையாவது யோசிப்பேன்.

மார்கழி மழை அந்த வருடம் நிற்காமல் பெய்தது. வாவி நிரம்பி ஒழுங்கைகளுக்குள் ஏறிவிட்டது. ஒரு மத்தியானம் பதுளை உடுப்புப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்தபடி எங்கள் அறை வாசலில் வந்து நின்றாள். பாவாடை முழங்கால்வரை நனைந்திருந்தது. போர்டிங் அறைக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். வீட்டுக்காரர் உறவினர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். பதுளைப் பாதையில் மண்சரிவு, பஸ் இல்லை.

"ரெண்டு நாளைக்கு மட்டும்" என்றாள்.

"இதென்ன கேள்வி, உள்ள வா" என்று முல்லைத்தீவு பையை வாங்கி வைத்தாள். பிறகு என்னிடம், "வோர்டனிட்ட ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு வருவமா? வெள்ளம் எண்டா மாட்டன் எண்டு சொல்ல மாட்டா" என்றாள்.

நான் அவசரமாக மறித்தேன். "வேணாம். கேட்டா எழுதித் தரச் சொல்லுவா. பைல் எல்லாம் கிண்டுவா. சும்மா இருந்தா ஒருத்தருக்கும் தெரியாது."

பைல் என்ற சொல் என் வாயிலிருந்து வந்தபோது நான் நினைத்தது பதுளையின் பைலை அல்ல.

அன்று பின்னேரம் அப்பா தொலைபேசியில் கூப்பிட்டார். "இஞ்சால பஸ் ஓடுது மகள். வீட்டில தண்ணி இல்ல. வந்து நில்லன்." நான் வெளி விறாந்தையில் நின்று மெதுவாக, "இல்லப்பா, படிக்க இருக்கு" என்றேன். போயிருந்தால் என் கட்டில் அவளுக்குக் கிடைத்திருக்கும். ஆனால் வெல்லாவெளிக்குப் போகும் பாதை தண்ணீருக்குள் என்று எல்லோருக்கும் தெரியும். போனால், எங்கே போகிறாய் என்று கேட்பார்கள். அதனால் போகவில்லை. ஒரு கட்டிலில் இரண்டு பேர் ஒருக்களித்துப் படுத்தோம். நான் நெருக்கப்படக்கூடாது என்று அவள் விளிம்பில் கிடந்தாள். தன் சுவெட்டரில் ஒன்றை எனக்குப் போடத் தந்தாள்.

ஐந்தாம் நாள் காலை வோர்டனும் விடுதி மேற்றனும் ஒவ்வோர் அறையாகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். மழை ஒழுக்குப் பார்க்க வந்தார்களே தவிர ஆள் பிடிக்க அல்ல. எங்கள் அறையில் பதுளை நிலத்தில் இருந்து துவாய் மடித்துக்கொண்டிருந்தாள். மேற்றனுக்கு எல்லா முகமும் பாடம்.

"இந்தப் பிள்ளை ஹொஸ்டல் இல்லையே" என்றார்.

வோர்டன் எங்களைப் பார்த்தார். அவர் ஒரு விரிவுரையாளர், கத்தும் ஆளல்ல. "ஆர் கூட்டி வந்தது? எத்தனை நாளா இருக்கிறா?" என்று கேட்டார்.

முல்லைத்தீவு வாயைத் திறப்பதற்குள் பதுளை எழுந்து நின்றாள். "யாரும் கூப்பிடல மேடம். நானாத்தான் வந்தேன். இவங்க வேணாம்னுதான் சொன்னாங்க."

"ஆரிட கட்டில்ல படுத்தீங்க?"

"நெலத்துல மேடம்."

வோர்டனின் கண் என்மேல் வந்து நின்றது. என் கட்டிலில் இரண்டு தலையணை இருந்தது. நான் நிலத்தைப் பார்த்தேன். நான்தான் என் கட்டிலில் படுக்க வைத்தேன் என்று சொன்னால் விசாரணைக்கு என் பெயர் போகும், பெயரோடு விலாசம் போகும். அவ்வளவுதான் எனக்குள் ஓடியது.

"வெள்ளம் எண்டு என்னட்ட வந்து சொல்லியிருந்தா நானே ஒரு வழி பார்த்திருப்பன்" என்றார் வோர்டன். "இப்ப ஒளிச்சு இருந்திருக்கிறீங்க. எழுத்தில தரவேணும்."

அவள் என் மேசையில் இருந்து, என் பேனையால் எழுதிக் கொடுத்தாள். விடுதி விதியை மீறித் தானாக வந்து தங்கியதாகவும் அறையில் உள்ளவர்களுக்கு இதில் பொறுப்பு இல்லை என்றும் எழுதினாள். வெள்ளம் வடிந்துகொண்டிருந்ததால் அன்றைக்கே போர்டிங்குக்குத் திரும்பிப் போனாள்.

அவள் போன பிறகு முல்லைத்தீவு, "நீ ஏன் வாயே திறக்கேல்ல?" என்று கேட்டாள்.

"பயமா இருந்திச்சு."

"வோர்டனுக்கோ?"

"ஓம்" என்றேன்.

மாசி மாதத்தில், பக்கத்து அறையில் இருந்த ஒரு பிள்ளை தாதியர் பயிற்சி கிடைத்து விட்டுப் போனாள். ஒரு கட்டில் காலி. பதுளைக்குச் செய்தி சொல்ல நான் ஓடினேன். எவ்வளவு சந்தோசம் எனக்கு! இனி அவள் உள்ளே வந்துவிடுவாள், எல்லாம் நேராகிவிடும், நான் செய்தது ஒன்றுமில்லாமல் போய்விடும் என்ற சந்தோசம் அது. அன்றைக்கு என்னைக் கூப்பிடாமல் அவளே ஓட்டமாகப் போனாள். அரைமணித்தியாலத்தில் திரும்பி வந்தாள்.

"அடுத்த பேருக்குக் குடுத்துட்டாங்க. விதிய மீறினவங்களுக்கு இல்லையாம். நான் எழுதின கடிதத்த எடுத்துக் காட்டினாரு சேர். அவருக்கும் கவலைதான்" என்றாள். பிறகு சிரிக்கப் பார்த்தாள். "ஒரு எழுத்துப் பிழைகூட இல்லாம எழுதியிருந்தேன் தெரியுமா?"

பாதிச் சிரிப்பில் அவள் முகம் மாறியது. அந்த ஒரு நாள்தான் அவள் அழுது நான் பார்த்தேன். ஆறுதல் சொல்ல அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தது நான்.

ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு எங்கள் அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயிலில் ஊரே கூடும். விடுதிப் பிள்ளைகள் போகப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், நான் வெல்லாவெளிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு முதல்நாளே வீட்டுக்கு வந்துவிட்டேன். அத்தனை சனத்துக்குள் யார் யாரைக் காண்பது என்று நினைத்தேன். குளக்கரையில், ஐஸ்கிறீம் வண்டிக்குப் பக்கத்தில், முல்லைத்தீவும் பதுளையும் எனக்கு நேரே வந்து நின்றார்கள்.

"நீ ஊருக்குப் போறன் எண்டாய்?" என்றாள் முல்லைத்தீவு.

"அங்க இருந்து வெள்ளணவே பஸ்ஸெடுத்து அம்மாவோட வந்தன்" என்றேன். அவ்வளவு வேகமாகப் பொய் வரும் என்று எனக்கே தெரியாது.

பின்னால் வந்த அம்மா அவர்கள் இருவரையும் பார்த்து, "கம்பஸ் புள்ளைகளா? வெயிலுக்க நிக்காம வாங்க, சாப்பிட்டுப் போகலாம். இந்தா, இந்த ஒழுங்கையால திரும்பினா வீடுதான்" என்றார்.

பதுளை என்னைப் பார்த்தாள். நான் அம்மாவின் கையைப் பிடித்தேன். அம்மாவுக்கு அது விளங்கவில்லை. முன்னே நடந்தார்.

அமாவாசை என்பதால் மரக்கறிச் சாப்பாடு. அம்மா பரிமாறிக்கொண்டே பேசினார். சுவரில் நான் ஐந்தாம் வகுப்பில் பரிசு வாங்கிய படம், பத்தாம் வகுப்புப் படம், உயர்தரத்தில் எடுத்த படம் எல்லாம் தொங்கின. "எல்லாம் இந்த வீட்டில இருந்து படிச்சதுதான்" என்றார் அம்மா. "கம்பஸுக்கும் இஞ்ச இருந்து போகச் சொல்லித்தான் இவட அப்பா சொன்னவர். ஹொஸ்டல்தான் வேணுமெண்டு ரெண்டு நாள் பட்டினி கிடந்தாள். மறுகா பெரியம்மாவிட விலாசத்தக் குடுத்துத்தான் எடுத்த. நல்ல கூட்டாளிமார் கிடைச்சிருக்கிறீங்க, அது போதும்."

வாசல் கதிரையில் இருந்த அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். முல்லைத்தீவின் கை சோற்றில் நின்றது. பதுளை தொடர்ந்து சாப்பிட்டாள். சாப்பாட்டுக் கோப்பையில் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு, கையைக் கழுவி, "ரொம்ப நல்லா இருந்துச்சும்மா" என்று அம்மாவிடம் சொன்னாள்.

நகரத்து பஸ் நிலையம்வரை அவர்களோடு போனேன். பஸ் வரும் நேரத்தில் பதுளை கேட்டாள், "காலையில மொதல் பஸ் எத்தனை மணிக்கு?"

"ஆறரைக்கு."

"அப்ப எட்டு மணி லெக்சருக்கு நீங்க சரியா வந்துரலாம்."

மூன்றாம் மாதத்திலிருந்து அவள் என்னை நீ என்றுதான் பேசிக்கொண்டிருந்தாள். அன்றைக்குத்தான் திரும்பவும் நீங்க என்றாள். அவர்கள் ஏறினார்கள், பஸ் போய்விட்டது. நான் அதே இடத்தில் நின்றேன்.

அடுத்த கிழமை நூலகப் படியில் அவளைப் பிடித்துக்கொண்டேன். நாலைந்து நாளாக வசனம் வசனமாக யோசித்து வைத்திருந்ததில் ஒன்றும் வரவில்லை. "என்ன மன்னிச்சிரு. உன்ட இடத்த நான்தான் எடுத்தன்" என்று மட்டும் சொன்னேன்.

அவள் புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"எடத்துக்காக எனக்குக் கோவம் இல்லீங்க. எடம் எல்லாருக்கும் ஆசைதான். எங்க தோட்டத்துலயும் பொய்க் கடிதம் எடுத்தவங்க இருக்காங்க" என்றாள். "என்கூட ஆபீசுக்கு வந்தீங்களே ஒவ்வொரு திங்கக்கிழமையும். அது எதுக்கு?"

அவளுக்குத் துணையாக இருக்க ஆசைப்பட்டேன் என்பது பொய்யில்லை. யாரும் என்மேல் சந்தேகப்படக்கூடாது என்று போனேன் என்பதும் பொய்யில்லை. இரண்டும் ஒருத்தியின் மனதுக்குள் ஒன்றாகவே இருந்தன. அதை அவளிடம் எந்த வாயால் சொல்வது?

அவள் காத்திருந்து பார்த்துவிட்டு, "வகுப்புக்கு நேரமாச்சு" என்று இறங்கிப் போனாள்.

அந்த மாதமே வோர்டனிடம் போய், விடுதியை விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். ஏன் என்று கேட்டார். "வீட்டில இருந்து வரலாம் எண்டு பார்க்கிறன்" என்றேன். அப்போதும் உண்மையைச் சொல்லவில்லை. வருடம் முடிய ஆறு கிழமைதான் இருந்தது. பரீட்சை நெருங்கிய நேரத்தில் யாரும் புதிதாக வந்து சேரவில்லை. என் கட்டில் மெத்தை சுருட்டியபடி கடைசிவரை சும்மா கிடந்ததாக முல்லைத்தீவு சொன்னாள். அவள் என்னோடு பேசுவதை நிறுத்தவில்லை, ஆனால் தயிர் வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்பாள்.

வீட்டிலிருந்து போகத் தொடங்கிய முதல்நாள் அப்பாவும் என்னோடு நகரத்துக்கு வந்தார். வடக்கே போகும் பஸ்ஸைக் காட்டி ஏற்றிவிட்டு, வெளியிலிருந்து கையை நீட்டி, "யன்னல் பக்கமா இரு மகள், காத்து வரும்" என்றார். ஏன் விடுதியை விட்டாய் என்று ஒருநாளும் கேட்கவில்லை. ஏழே காலுக்கு முன்னரே பல்கலைக்கழக வாசலில் இறங்கினேன். அவ்வளவு கிட்ட என்று ஒரு வருடமாக எனக்கு நானே மறைத்து வைத்திருந்தேன்.

மிச்ச மூன்று வருடமும் பதுளையும் நானும் ஒரே வகுப்பில் இருந்தோம். குறிப்புக் கேட்டால் தருவாள். பிறந்தநாளுக்கு வாழ்த்துச் சொல்வாள். எல்லாம் நீங்க, வாங்க என்றுதான். பேரிக்காய்ப் பை வகுப்பில் சுற்றி வரும்போது என்னிடமும் வரும். நான் ஒன்று எடுப்பேன்.

பட்டமளிப்பு நாளில் மண்டபத்துக்கு வெளியே அவளுடைய அம்மாவை முதன்முறையாகக் கண்டேன். தோட்டத்திலிருந்து பின்னிரவே புறப்பட்டு வந்தவர். புதுச் சேலை தோளில் நிற்காமல் விறைத்துக்கொண்டிருந்தது. மகள் தடுப்பதற்குள் என்னிடம் வந்து என் இரண்டு கையையும் பிடித்தார். நகவிளிம்பெல்லாம் கறுத்து, உள்ளங்கை காய்த்த கை.

"நீதானே அந்தப் புள்ள? வெள்ளத்துல எம் புள்ளைய ஒங் கட்டில்ல படுக்க வச்சியாமே. நாங்க அங்க மண்சரிவுல மாட்டிக்கிட்டு, புள்ள என்ன ஆச்சோன்னு தவிச்சுக்கிட்டுக் கெடந்தோம். நீ நல்லா இருக்கணும்மா."

நான் பதுளையைப் பார்த்தேன். அவள் கறுப்பு அங்கியின் கையைச் சரிசெய்துகொண்டு வேறு பக்கம் பார்த்தாள். வீட்டுக்கு அதை மட்டும்தான் சொல்லியிருக்கிறாள். மற்றதைச் சொல்லவில்லை.

"அதெல்லாம் ஒண்டுமில்லம்மா" என்றேன்.

அவர் விடவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து நில்லுங்கள், படம் எடுக்க வேண்டும் என்றார். பதுளை வந்து பக்கத்தில் நின்றாள். எங்கள் அங்கிகள் உரசின. அந்த அம்மாவுக்குப் போனைப் பிடிக்கத் தெரியவில்லை. விரலை எங்கேயோ வைத்து இரண்டு தரம் தவறிப்போனது. மூன்றாவது தரம் எடுத்தார். அந்தப் படத்தை எனக்கு அனுப்பச் சொல்லி நான் கேட்கவில்லை. அவளும் அனுப்பவில்லை.